கணக்கில் வராத பாதி

1

மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். ஒரு பெண் தன் நண்பரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் இது. அவர்களுக்குப் பின்னால், ஒரு போர்வை தள்ளி, மைதானத்தின் புல்மேட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதை அங்கிருந்து வந்தது. ஒட்டுக் கேட்டேன் என்றும் சொல்லலாம். அரிசோனாவில் மார்ச் மாதப் புல்மேட்டில் ஒட்டுக் கேட்காமல் இருக்க வேண்டுமானால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரின் பெயர், அணியின் பெயர் எல்லாம். காதில் விழாத இடங்களை இட்டு நிரப்பியிருக்கிறேன். எது விழுந்தது, எது நிரப்பியது என்று சொல்ல மாட்டேன். [சொன்னால் நீங்கள் விழுந்ததை மட்டும் நம்பி]

அந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. இப்படி முடியாமல் போனவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

[பாலைவனம் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது.] உண்மைதான். ஆனால் ஆய்வகத்தில் பாலைச் செடிகளின் விதைகளை எண்ணும் வேலை பார்ப்பவள் எழுதினால் எல்லாக் கதையும் பூவில்தான் தொடங்கும். அடித்துவிட்டேன்.

[கோனி ட்ருஹியோ ஓர் அரசியல்வாதி.] இதைப் படித்தால் அவள் சிரிப்பாள். பணி ஓயும் வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் வட்டத்தில் வேறு யாரும் போட்டியிடாததால் நகர மன்ற உறுப்பினர் ஆனவள்.

[லைல் ஆம்டால் ஒவ்வொரு மார்ச்சும் மினசோட்டாவின் பனியிலிருந்து தப்பித்து] இவரைத் தப்பி ஓடுகிறவராகக் காட்டுவது சரியில்லை.

மிஞ்சியது இதுதான். அன்று மாலை ஆறு மணிக்குக் கோனி ஓட்டுப் போட வேண்டும். அதற்குள், எப்படிப் போடப் போகிறாள் என்பதை லைலிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். ஜனவரியில் அவர் தொலைபேசியில் கேட்டபோது, "ஆட்டத்தன்னிக்கு நேர்ல சொல்றேன். வேற யார் வாயிலேர்ந்தும் நீ கேக்க மாட்ட," என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.*

* கோனியை "அவள்" என்றும் லைலை "அவர்" என்றும் எழுதுவது என்னை உறுத்துகிறது. அவளுக்கு உள்ளே நின்று எழுதுகிறேன், அவருக்கு வெளியே நின்று எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

3

ஓட்டு எதைப் பற்றி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

புல்மேட்டில் உட்கார்ந்தால் முன்னால் மைதானம். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி, அதற்கு அப்பால் சான் லூகாஸ் மலையடி வரை பாலைநிலம். அது நகரத்துக்குச் சொந்தம். இந்த மைதானத்தில் ஆடும் ஹெரன்ஸ் பேஸ்பால் அணி அங்கே ஆறு பயிற்சி மைதானங்கள் கட்டக் கேட்கிறது. கிடைக்காவிட்டால் அடுத்த வசந்தத்தில் வேறு ஊருக்குப் போய்விடும். நகர மன்றத்தில் இன்னொரு தீர்மானமும் இருக்கிறது: அந்த நிலத்தை மலையோடு சேர்த்து, யாரும் எதுவும் கட்ட முடியாத காட்டு நிலமாக அறிவிப்பது. உறுப்பினர்கள் ஏழு பேர். மூவர் அந்தப் பக்கம், மூவர் இந்தப் பக்கம்.

ஏழாவது ஆள், கையில் எலுமிச்சைச் சாறோடு புல்மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"கவுன்சிலரம்மா வந்தாச்சு! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா!" என்று கத்தினார் டட்லி. ஏர்கண்டிஷனர் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். நடுவர்களைத் திட்டுவதற்காகவே ஆட்டத்துக்கு வருபவர்.

"நீ எந்திரிக்காத டட்லி. உன் முட்டி மறுபடி மடங்காது," என்றாள் கோனி.

"வழியில அந்தப் பச்சைச் சட்டைக்காரங்க புடிச்சாங்களா? காகிதம் குடுத்தாங்களா? முள்ளக் காப்பாத்து, பாம்பக் காப்பாத்துன்னு?"

"குடுத்தாங்க. அணி குடுக்குற பணம் போயிட்டா ஊர் நீச்சல் குளத்த யாரு நடத்துவா, நூலகத்த யாரு நடத்துவான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு முழிச்சா."

"அப்படிக் கேளு! அங்க என்னதான் இருக்கு? கல்லு. எவனோ தூக்கிப் போட்ட மெத்த."

"ஆமையும் இருக்கு. உன் வயசு இருக்கும். உன்ன விட அமைதியா இருக்கும்."

டட்லிக்கு எரிச்சல் வந்தது. கோனி எல்லோரிடமும் இப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் அதற்கு மறுபக்கத்தைச் சொல்வாள். அதனால் அவள் மனதில் இருப்பது யாருக்கும் பிடிபடவில்லை.

லைல் தன் பெரிய போர்வையில் அவளுக்கு இடம் ஒதுக்கி, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார். பதினெட்டு மார்ச் மாதங்களாக அதே இடம், அதே போர்வை. டட்லியைப் போல லைலும் மைதானங்கள் வேண்டும் என்கிறவர், ஆனால் வாத்து வேட்டைக்காரர். மினசோட்டாவில் சதுப்பு நிலங்களைக் காப்பாற்ற நன்கொடை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குபவர்.

"தண்ணி இருக்குற எடத்தக் காப்பாத்தணும், ஒத்துக்கறேன்," என்றார். "இது காஞ்ச நெலம், கோனி."

"உன் வாத்துக்கு ஒரு நியாயம், என் ஆமைக்கு ஒரு நியாயமா?"

"உன் ஆமைய சுடவே முடியாதே. அதுல என்ன சுவாரசியம்?"

இருவரும் சிரித்தார்கள். கோனி சொல்வதற்கு வாயைத் திறந்தாள். முதல் பந்து வீசப்பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

4

ஏன் மூடிக்கொண்டாள் என்றால், புல்மேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதப்படவில்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அரசியல் பேசக் கூடாது. பேஸ்பாலில் ஒன்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் பாதியில் வந்த அணி மட்டை பிடிக்கும், இரண்டாம் பாதியில் வீட்டு அணி. அணிகள் இடம் மாறும் இரண்டே நிமிடங்களில் வரி, எல்லை, துப்பாக்கி, தண்ணீர் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஒருவரையொருவர் முட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பந்து கிளம்பியதும் எல்லோரும் மறுபடி அண்டைவீட்டார்.

இந்தச் சட்டத்தை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. டட்லிகூட மீறியதில்லை.

ஆகவே கோனிக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டிரண்டு நிமிடங்கள். முதல் இரண்டு நிமிடத்தை டட்லி வரிப் பணத்துக்குச் செலவழித்தார். அடுத்ததில் யாரோ ஒருத்தி தன் தெருவின் பள்ளத்தைப் பற்றிக் கோனியிடம் புகார் சொன்னாள். அதற்கடுத்ததில் லைல் வறுத்த இறைச்சி ரொட்டி வாங்கப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வசந்தப் பயிற்சி ஆட்டம். வெற்றி, தோல்வி எதுவும் பருவக் கணக்கில் சேராது. பெரிய ஆட்டக்காரர்கள் பாதியிலேயே குளித்துவிட்டுக் காரில் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வருபவர்களின் முதுகில் பெயரே இருக்காது. 87, 91 என்று எண் மட்டும் இருக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேரை இனி எந்தப் பெரிய மைதானத்திலும் யாரும் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்காக ஆறாயிரம் பேர் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். லைல் எண்களுக்குத்தான் கைதட்டுவார், பெயர்களுக்குத் தட்ட மாட்டார்.

[நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது, ஒரு மதத்தின் நடுவில்] வேண்டாம். பெரிய வார்த்தை. வியந்து போனேன். அது போதும்.

5

இந்த இடத்தில் கோனி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் எழுதிய படியில் அவளை எதிலும் உறுதியில்லாதவளாக எழுதியிருந்தேன். அது பொய். அவள் தீர்மானித்துவிட்டாள். பிப்ரவரியில், அணி கொடுத்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த நிலத்தில் தனியே நடந்தாள். நான்காவது மைதானத்தில் பந்து வீசுபவருக்கான மண்மேடு எங்கே வரும் என்று தேடிப் போய் நின்றாள். அந்த இடத்தில் ஒரு சகுவாரோக் கள்ளி நின்றது.

அண்ணாந்து பார்த்ததில் தொப்பி கீழே விழுந்தது. ஒரு சகுவாரோவுக்குக் கை போன்ற முதல் கிளை முளைக்கவே எழுபது வருடம் வரை ஆகும். இதற்கு எத்தனை கைகள் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். இந்த விளையாட்டுக்கு யாரும் விதி எழுதுவதற்கு முன்பே அது விதையாக மண்ணில் விழுந்திருக்கலாம். தண்டில் மரங்கொத்தி போட்ட ஓட்டையிலிருந்து உள்ளங்கை அளவு ஆந்தை ஒன்று அவளைப் பார்த்தது. அவளை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பேஸ்பாலைக் காதலிப்பவள். அதே இடத்தில் பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அதிகாலையில் முதுகில் எண்களோடு ஆட்கள் ஓடினார்கள். அதுவும் அழகாகத்தான் இருந்தது. அங்கேயே அரை நாள் நின்றாள். திரும்பி வரும்போது முடிவு செய்திருந்தாள்.

எந்த முடிவு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்கிறீர்களா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பேருந்து ஓட்டியவள் நினைவிருக்கட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் நீந்தக் கற்றது எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

6

ஐந்தாவது சுற்றின் முதல் பாதி. இதை நான் இட்டு நிரப்பவில்லை.

சத்தம்தான் முதலில் வந்தது. தூரத்தில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவது போல. எங்கள் முதுகுப் பக்கமிருந்து, மலையிலிருந்து வந்தது. அப்புறம் வெயில் கொஞ்சம் மங்கியது.

"படுங்க! எல்லாரும் படுங்க!" என்றார் லைல்.

தேனீக்கள். ஒரு புகைமண்டலம் வேலியைத் தாண்டி, புல்மேட்டின் மேலாக, மிக நிதானமாக நகர்ந்தது. எல்லோரும் மல்லாந்து படுத்தோம். இடது ஓரத்தில் நின்ற ஆட்டக்காரர் குப்புற விழுந்தார். அடுத்து நடுவில் நின்றவர். அடுத்து பந்து வீசுபவர், நடுவர்கள், எல்லோரும். சில நொடிகளில் அந்தப் பச்சைப் புல்லில் நிற்பவர் ஒருவரும் இல்லை. ஆறாயிரம் பேரும் பேசவில்லை. டட்லி பேசவில்லை.

தலைக்கு மேல் ஆயிரமாயிரம் சின்னச் சின்ன உடல்கள் ஒன்றையொன்று மோதாமல் சுழன்றன. நடுவில் எங்கோ ராணி இருந்திருக்கும். அவற்றின் நிழல் கோனியின் முகத்தின் மேல் மணல் போல ஊர்ந்து போனதைப் பார்த்தேன்.*

ஆட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. பந்து ஆட்டத்தில் இல்லை. சட்டப்படி பேசலாம். பக்கத்தில் படுத்திருந்த லைலிடம் அவள் அப்போது சொல்லியிருக்கலாம். அவள் உதடு அசைந்தது.

"இத்தன வருஷத்துல..." என்றார் லைல், வானத்தைப் பார்த்தபடி. முடிக்கவில்லை.

"எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

தேனீக் கூட்டம் போய் மட்டைக்காரருக்குப் பின்னாலிருந்த வலையில் ஒரு பழுப்புத் திராட்சைக் குலை மாதிரி தொங்கியது. தேனீ பிடிப்பவர் ஒரு பெட்டியோடு வந்து அதை எடுத்துப் போகும்போது, எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று முழுக்க அதுதான் பெரிய கைதட்டல்.

* புதுக் கூடு தேடிப் பறக்கும் கூட்டம் பெரும்பாலும் கொட்டாது. அப்போது அவற்றுக்குக் காக்க ஒன்றும் இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

7

எட்டாவது சுற்று. அணிகள் இடம் மாறின. டட்லி கழிவறைக்குப் போயிருந்தார். கோனிக்குக் கிடைத்த நல்ல இரண்டு நிமிடம்.

"லைல், ஒண்ணு சொல்லணும்."

"நான் மொதல்ல. ரெண்டு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "வீட்ட வித்துட்டேன், கோனி."

"எந்த வீட்ட?"

"எனக்கு என்ன பத்து வீடா இருக்கு? மினசோட்டா வீட்டத்தான். இங்க மெஸ்கீட் தெருவுல சின்னதா ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டு ரூம்தான். ஆனா வாசல்ல நின்னா இந்த மைதானத்து விளக்குக் கம்பம் தெரியுது. நடந்தே வந்துடலாம்."

"யோவ். எதுக்குய்யா அவசரம்?"

"கண்ணு டாக்டர் மொகத்த சுளிக்கிறாரு. வண்டி ஓட்ட இன்னும் எத்தன நாள் விடுவாங்க? நடந்து போற தூரத்துல பேஸ்பால் வேணும்னு பாத்தேன். இனி சாகுற வரைக்கும் ஒவ்வொரு மார்ச்சும் இந்தப் போர்வைதான். உன்னத்தான் நான் தொந்தரவு பண்ணப் போறேன்."

"லைல்..."

"நீ என்ன சொல்ல வந்த?"

பந்து கிளம்பிவிட்டது. அவர் உதட்டில் விரலை வைத்துக்காட்டி, கண்ணைச் சிமிட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

8

லைல் வேண்டுமென்றே சொன்னாரா? அவளைக் கட்டிப்போடத்தானா? அப்படி ஒரு படியும் எழுதினேன். தந்திரக்கார லைல். அந்தப் படியில் அவர் நன்றாகப் பேசினார், ஆனால் விதைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டும் கை மட்டும் எழுத வரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன். அவருக்கு அவள் ஓட்டு என்னவென்று தெரியாது. "சரி" என்றுதான் போடுவாள் என்று நம்பினார். தன்னைப் போலவே அவளுக்கும் வருடத்தில் மார்ச் ஒன்றுதான் மாதம் என்று நினைத்தார்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் ஆறு மைதானங்களுக்கும் சம்மதம் என்கிறாள். லைல் நடந்தே வருகிறார், வருடாவருடம். சகுவாரோவைப் பெயர்த்து வேறிடத்தில் நடுகிறார்கள். அதற்கு இங்கே நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அத்தனை வயதான சகுவாரோவைப் பெயர்த்தால் பிழைப்பது அரிது. செத்தது வெளியே தெரியவே சில வருடம் ஆகும். உடம்பில் சேர்த்துவைத்த தண்ணீரால் அதுவரை பச்சையாக, உயிரோடு இருப்பது போலவே நிற்கும். அந்தச் சில வருடங்களை எழுத என்னால் முடியவில்லை. என்னால் எழுத முடியாதது அவளால் செய்ய முடியாதது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றில் தேனீக்களால் அவள் மனம் மாறுகிறது. அழகான முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

மூன்றாவதில் அவள் சொல்லவே இல்லை. மாலை மன்றத்தில், டட்லி பக்கத்தில் உட்கார்ந்து லைல் அதைக் கேட்கிறார். [அவர் எழுந்து, தொப்பியைக் கையில்]

இல்லை.

9

ஒன்பதாவது சுற்றின் முதல் பாதி முடிந்தபோது ஹெரன்ஸ் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. வீட்டு அணி முன்னால் இருந்தால் இரண்டாம் பாதிக்கு அவசியமே இல்லை. ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழுந்தது.

"ஆறு மணிக்குப் பாக்கலாம் கவுன்சிலரம்மா," என்றார் டட்லி, நாற்காலியை மடித்துக்கொண்டே. "நானும் வருவேன். நடுவரத் திட்டுற மாதிரியே திட்டுவேன்."

"தொண்டையத் தேத்திக்கிட்டு வா."

புல்மேடு காலியானது. கோனி இதற்குத்தான் காத்திருந்தாள். ஆட்டம் முடிந்தால் சட்டமும் முடியும். இரண்டு நிமிடக் கெடுபிடி இல்லை. பதினெட்டு வருடம் மார்ச் ஆட்டம் பார்த்தவள் செய்யக் கூடாத தப்புக் கணக்கு அது.

ஆட்டக்காரர்கள் திரும்பவும் மைதானத்துக்குள் வந்தார்கள்.

வசந்தத்தில் இப்படி நடப்பதுண்டு. எதிரணியில் ஒரு புதுப் பையனுக்கு அன்று பந்து வீச வாய்ப்பே கிடைத்திருக்காது. "இவனுக்கு மட்டும் கொஞ்சம்" என்று அவன் பயிற்சியாளர் கேட்பார். வீட்டு அணியின் பயிற்சியாளர் தலையாட்டுவார். முடிந்துபோன ஆட்டத்தின் தேவையில்லாத பாதியை விளையாடுவார்கள். ஓட்டப் பலகையை அணைத்துவிட்டிருந்தார்கள். ஏற்கனவே கணக்கில் வராத ஆட்டம். அதிலும் கணக்கில் வராத பாதி.

முதுகில் 93 எழுதிய ஒருவன் மண்மேட்டில் ஏறினான்.

"லைல், இப்பப் பேசலாம்ல? ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே."

"பந்து வீசுறான்ல?"

"இது எதுலயும் சேராதுய்யா."

"அவனுக்குச் சேரும். பாரு அவன. எத்தன தடவ தொப்பியச் சரிபண்றான்."

முதல் பந்து எகிறிப் போனது. இரண்டாவது மண்ணில் விழுந்தது. மூன்றாவது, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்தவனின் கையுறையில் அடித்த சத்தம் காலி மைதானம் முழுக்கக் கேட்டது. சுத்தம் செய்ய வந்தவர்கள் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்கள். சில நூறு பேர்தான் மிச்சம். பெயரில்லாத ஒருவன், தன்னிடம் இருந்த எல்லாவற்றையும், யாரும் குறித்துவைக்காத ஒரு பாதியில் போட்டுக்கொண்டிருந்தான்.

லைல் கைதட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. கோனி அவரையே பார்த்தாள். பின்பு திரும்பி, வேலிக்கு அப்பால் பார்த்தாள். மாலை வெயிலில் மலை சிவந்துகொண்டிருந்தது.

ஒருவர் அவுட். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் லைல் எழுந்து போர்வையை மடிப்பார். கார் நிறுத்துமிடத்தில் பத்துப் பேர் கோனியைச் சூழ்ந்துகொள்வார்கள்.

10

இதற்கு அப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன். அந்த மாலையில் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதையும், மெஸ்கீட் தெரு வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். லைல் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேள்விகளை ஒட்டுக் கேட்பேன். அந்தப் பதிலை ஒட்டுக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கோனி சொல்லி முடித்ததுமே எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்மேட்டில் இறங்கிவிட்டேன். என் இடம் காலியாக இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் உட்காருங்கள். அங்கிருந்து நன்றாகவே கேட்கும்.

93 கையை உயர்த்தினான். பந்து அவன் விரலை விட்டுக் கிளம்பியது. அது ஆட்டத்தில் இருந்தது, மட்டையை இன்னும் தொடவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகக் கோனி சட்டத்தை மீறினாள்.

"லைல், என்னப் பாரு. அந்த நெலத்த நான் குடுக்கப் போறதில்ல. மைதானம் வேண்டாம்னுதான் ஓட்டுப் போடப் போறேன்."